திருகாணி

பதினொரு மயில்கள்.
பத்து பெட்டை, ஓர் ஆண்.
தார்ப்பாயில் கிடத்தும்போது வல்லடியான்
தோகையை மடிக்கப் பார்த்தார், மடியவில்லை.
வரப்பு வரைக்கும் அது பாட்டுக்கு நீளட்டும் என்று
விட்டுவிட்டார்.

அரிட்டாபட்டி மலைக்குப் பின்னால் வானம் வெளுத்தது.
கையுறை மாட்டினேன்.
ஆறு வருட ஆய்வில் இவை
தொண்ணூற்று நான்கு முதல் நூற்று நான்கு வரை.
எண் எழுதிய சீட்டைக் காலில் கட்டுவேன்.
அதற்கு மேல் எதுவும் வைத்துக்கொள்வதில்லை.

அறுக்கத் தொடங்கினால்
மயில் சீக்கிரமே தீர்ந்துவிடும்.
இறகை நனைத்து ஒதுக்கியபின்
கோழியினும் கொஞ்சம் நீண்ட மார்பெலும்பு,
ரத்தம் கட்டிய நுரையீரல்,
விரல் பட்டதும் நசுங்கும் ஈரல்.
நீலம் வெளிச்சம் செய்கிற வேலை.
தோலின் உள்பக்கம்
எல்லாருக்கும் போல வெளிறித்தான் இருக்கிறது.

ஈரலில் ஒரு துண்டு. சிறுநீரகத்தில் ஒரு துண்டு.
மூளைக்குத் தனிக் குப்பி.
ஐஸ் பெட்டி ராத்திரி பஸ்ஸில் சென்னைக்குப் போகும்.
மூன்று வாரம் கழித்து
ஒரு மருந்தின் பெயரும் ஒரு தசம எண்ணும் வரும்.
மூக்குக்கு இப்போதே தெரியும்:
தீனிப்பையைக் கீறியதும் பூண்டு வாடை,
சாயம் விடாத சிவப்பில் கடலைப் பருப்பு.

தொண்ணூற்றெட்டு. பெட்டை.
அரைவைப்பையைத் தட்டில் கவிழ்த்தேன்.
சிவந்த பருப்பு பதினேழு,
அரைப்பதற்கென்று அதுவே பொறுக்கிய கூழாங்கற்கள்,
நத்தை ஓட்டில் பாதி.
பிறகு இடுக்கியில் ‘கிண்’ என்று ஏதோ.
கழுவிப் பார்த்தேன்.
மூக்குத்தித் திருகாணி.

படிவத்தில் ‘வயிற்றில் கண்டவை’க்கு
இரண்டு அங்குலக் கட்டம் உண்டு.
சட்டைப் பொத்தான் எழுதியிருக்கிறேன்,
சைக்கிள் பால்ரஸ், பல்புக் கண்ணாடி.
பேனாவைத் திறந்து வைத்துவிட்டு
கைகழுவத் தண்ணீர் கேட்டேன்.

“ஏழைகாத்தா, ஒரு குடம் கொண்டா” என்றார் வல்லடியான்.
மோட்டார் கொட்டகையிலிருந்து வந்தாள்.
நாற்பது இருக்கும்.
சரித்து ஊற்றிய விரல்நுனிகள்
மருதாணி போலச் சிவந்திருந்தன,
நகக்கண்ணில் இன்னும் அடர்த்தியாக.
நிமிர்ந்தபோது பார்த்தேன்,
மூக்குத் துளையில் வேப்ப ஈர்க்கு.

“மூக்குத்தி?”

“ஆணி விழுந்துருச்சும்மா, மொத வெதப்பு அன்னைக்கு.
காடு பூரா சலிச்சுப் பாத்தாச்சு.
கல்லு மட்டும் முந்தியில கெடக்கு.
இது நாலாவது வெதப்பு.
மூணையும் கிளறிட்டுப் போயிருச்சுக.”

எவை என்று அவள் சொல்லவில்லை.
தார்ப்பாய்ப் பக்கம் பார்க்கவும் இல்லை.

திரும்பி வந்து லென்ஸ் வைத்தேன்.
மரை மழுங்கியிருந்தது,
தலைவட்டம் ஒருபக்கம் தேய்ந்து தகடாயிருந்தது.
கல்லோடு கல்லாக இது அரைபட்டு
ஒரு மாதமாவது இருக்கும்.
முதல் விதைப்பைத் தின்றுவிட்டு
நன்றாக இருந்திருக்கிறது தொண்ணூற்றெட்டு.
இரண்டாவதுக்கு வந்தது. மூன்றாவதுக்கும்.
நேற்று விடியலில் நாலாவதுக்கு.
ஒரே பைக்குள்
அவள் நம்பி விதைத்த நாளும்
நம்பாமல் விதைத்த நாளும்.

இதைப் படிக்கத் தெரிந்த ஒருத்தி
இந்தக் காட்டில் நான் மட்டும்தான்.
ஆய்வு எனக்குத் தந்த எழுத்து அது.
வேண்டாம் என்று சொல்ல
யாரிடம் போவது?

‘உலோகத் திருகு, ஒன்று’ என்று எழுதினேன்.
தங்கம் என்று எழுத இடமிருந்தது.

மூன்றுமுறை சோப்பு போட்டும்
பூண்டு போகவில்லை.
வனத்துறை ஜீப் குழி வெட்டிய இடத்துக்கு நகர்ந்தது,
தோகை மட்டும் பின்கதவில் மாட்டி
வெளியே தொங்கிக்கொண்டு.

குடத்தைக் கவிழ்த்துக்கொண்டே கேட்டாள்,
“ஏதாச்சும் கெடச்சுச்சாம்மா?”

ஐஸ் பெட்டி மூடியை அழுத்தினேன்.

“மூணு வாரம் ஆகும்.”