நாற்பது பவுண்டு

வங்கிக் கடிதத்தில் அந்தச் சொல்லை
நான்தான் தட்டச்சு செய்தேன்.
தோர்ஸ்ருட் சொல்லச் சொல்ல,
அவர் காபி ஆற ஆற:
"இக்கடன் தங்கள்மேல் சேணமாக ஏறியுள்ள நிலையில்…"
வெளியே மொன்டானாவின் மார்ச்,
பனியா சேறா என்று
முடிவுக்கு வராத ஒரு செவ்வாய்.

வேறு மொழிகளில் கடன்
கழுத்தளவு நிற்குமாம்,
தலைக்கு மேல் போகுமாம்,
குட்டி போடுமாம்.
எங்கள் ஆங்கிலத்தில் அது முதுகில் ஏறும்.
எங்கள் காதில்தான் ஏறுவதில்லை.
தேய்ந்த காசில் யார் முகம் என்று
யார் பார்க்கிறார்கள்?

வெள்ளிக்கிழமை ஆர்டித் கோல்ஸ்டாட் வந்தாள்,
அந்தச் சொல்லைப் பென்சிலால் சுழித்துக்கொண்டு.
"எழுதினது யார்?"
தோர்ஸ்ருட் சாப்பிடப் போயிருந்தார்.
வகுப்பில் அகப்பட்டவளாய் நான் கை தூக்கினேன்.
"எப்போதாவது பூட்டியிருக்கிறாயா?"

வாகன நிறுத்தத்தில் இழுவை வண்டி.
உள்ளிருந்து இறங்கினாள் நிக்கல்,
பழுப்புப் பெட்டைக் குதிரை,
என்னைப் பார்த்ததும் தும்மியது.

முதலில் கம்பளி.
"முன்னே போட்டுப் பின்னுக்கு இழு.
மயிர் படிந்து கிடக்கணும்.
எதிர்த்து நின்றால் புண்."
பிறகு சேணம். நாற்பது பவுண்டு.
தூக்கின வேகத்தில் அங்கவடி சுழன்று
என் தாடையில் அடித்தது.
அவள் சிரிக்கவில்லை.

தோள்மேட்டில் உள்ளங்கை அகலம் வெள்ளை.
பிறவி மச்சமா என்றேன்.
"முன்னே வைத்திருந்தவன்
பொருந்தாத சேணத்தில் இரண்டு கோடை ஓட்டினான்.
புண் ஆறும்.
நிறம் திரும்பாது."

வாரை இழுத்துக் கட்டினேன். நல்ல இறுக்கம்.
"நாலு எட்டு நடத்து."
நடத்தினேன்.
வார் தொங்கியது,
என் முஷ்டி நுழையும் அளவுக்கு.
"மூச்சை நிரப்பி வைத்திருந்தாள்," என்றாள் ஆர்டித்,
தன் பெண்ணின் கெட்டிக்காரத்தனத்தைச் சொல்வதுபோல.

ஓர்வில் இறந்த வாரம்
பாதிரியார் தோளைத் தொட்டு
மறுபடி சேணத்தில் ஏறிவிடு என்றாராம்.
"அன்று விடியலிலேயே ஏறியிருந்தேன்.
வேலி தாண்டின கன்றுகளை
வேறு யார் ஓட்டி வருவது?"

தோர்ஸ்ருட் திரும்பிவிட்டார், பல்லில் கீரையோடு.
இத்தனை தவணை, இத்தனை சதவீதம்,
கீழ்ப் புல்வெளி ஈடு.
பேனாவை நீட்டினார்.
கையெழுத்துக்கு முன்
அவள் மூச்சை உள்ளே இழுத்தாள், ஆழமாக.
கோட்டின் நடுப் பொத்தான் விறைத்தது.
அவர் கோட்டையெல்லாம் பார்க்கிறவர் இல்லை.
நான் பார்த்தேன்.
முத்திரையைக் கொஞ்சம் சத்தமாகக் குத்தினேன்.

திங்களன்று வேறொரு பண்ணைக்குக் கடிதம்.
அதே வாக்கியம், அதே இடம்.
விரல் விசைமேல் நின்றுவிட்டது.
தாடை இன்னும் நீலம்.

"என்ன, எழுத்துக்கூட்டல் மறந்துவிட்டதா?"
"இல்லை. எடை."

அவர் நிமிராமலே
தபால் தராசைக் காட்டினார்.