ஐந்து இறாத்தல் காற்று

அடிலெயிட் முடிகிற சந்தி தாண்டியதும்
சாலை மலையைப் பார்த்து நிமிரும்.
ஆயிரத்து முந்நூறு சீசீ சுசுகி
நாலாவது கியரிலிருந்து மூன்றாவதுக்கு இறங்கி
எங்கள் நாலு பேரையும் ஒருமுறை நினைத்துப் பார்க்கும்.
விடிகாலை மூன்றே முக்கால்.
மறி பிறிட்ஜ் இறைச்சி ஆலையில் ஐந்துக்கு வேலை.
காலியாய்த் திரும்பும் மாட்டு லொறிகூட
விளக்கை இரண்டு தரம் வெட்டிவிட்டு முந்திப் போகும்.
அதன் சாண வாசம் கண்ணாடி இடுக்கால்
எங்களோடு வந்து உட்காரும்.

"செலவில்லாத குதிரைச்சக்தி வேணுமெண்டால்
என்னை இறக்கி விடுங்கோ"
என்பார் பின்னாலிருந்து அன்ரனிதாஸ் அண்ணை.
நூற்றுப் பதினெட்டுக் கிலோ.
கிழமைக்கு முப்பது டொலர் தருகிறவரை
எந்த முட்டாள் இறக்குவான்?

சேந்தன்தான் டர்போ என்றான்.
வள்ளத்து எஞ்சின்களைப் பிரித்துப் பழகிய கை.
அறுநூறு டொலர், அதற்கு மேல் ஒரு சதமும் கூடாது,
ஏனென்றால் அதற்கு மேல்
ஒரு சதமும் இருக்கவில்லை.

விங்ஃபீல்ட் உடைசல் முற்றத்தில்
அடிபட்ட சுபாரு ஒன்றின் வயிற்றுக்குள்
ஒரு பகல் தலைகீழாய்க் கிடந்து
நத்தை போல் சுருண்ட இரும்பைத் தூக்கி வந்தான்.
அச்சை விரலால் ஆட்டினான். மயிரிழை ஆட்டம்.
"உயிர் இருக்கு."
நூற்றிருபது.
டீசல் வான் ஒன்றிலிருந்து இன்ரகூலர், நாற்பது.
அதன் செதில்களில் ஒரு வண்ணத்துப்பூச்சி
ஒட்டிக் காய்ந்திருந்தது.
அதற்குக் காசு கேட்கவில்லை.

எண்ணெய்த் தொட்டியில் துளை போடும்போது
நுனியில் கிறீஸ் அப்பிக்கொண்டான்.
ஒரு தூள் உள்ளே விழுந்தாலும்
பெயரிங்கைத் தின்றுவிடுமாம்.
நான் டோர்ச் பிடித்தேன்.
நுளம்பு என்னைத் தின்றது.

சும்மா வெளியே போகிற புகை ஒரு சக்கரத்தைச் சுற்றும்,
அச்சின் மறுமுனைச் சக்கரம் காற்றை அமுக்கி ஊட்டும்,
அவ்வளவுதான் என்றான்.
"ஐந்து இறாத்தல் அழுத்தம் போதும்.
பத்து வைச்சால் பிஸ்டனும் சம்பளம் கேக்கும்."

எஞ்சின் உள்ளுக்குள் தட்டுகிறதா என்று கேட்கும் கருவி
முந்நூறு டொலர்.
செப்புக் குழாய் ஒன்றைத் தட்டையாக்கி எஞ்சினில் பூட்டி
மீன்தொட்டிக் குழாயால் நீட்டி
ஆலை தந்த காதடைப்பானில் செருகினான்.
அதை மாட்டிக்கொண்டு முன்னால் இருந்தாள் றொசாந்தி.
டப்பாவுக்குள் கல் குலுங்குவது போல் கேட்டால்
கை தூக்க வேண்டும்.

எல்லாம் பூட்டி முடிந்த கிழமை
எலும்பு நீக்கும் மேசையில்
அன்ரனிதாஸ் அண்ணையின் தோள்மூட்டு விட்டுப் போனது.
இனிக் கத்தி இல்லை, படிவங்கள்தான்.

திங்கள் விடிகாலை.
முள் ஐந்தில் நின்றது.
நாலாவது கியரிலேயே ஏறினோம், தொண்ணூற்றெட்டில்.
மாட்டு லொறி பின்கண்ணாடியில் சிறுத்தது.
றொசாந்தி கை தூக்கவில்லை.
ஒருவரும் கத்தவில்லை.
பின்பக்க ஸ்பிறிங் ஒன்று
வழமையைவிட நிமிர்ந்திருந்தது.
இழுத்தது காற்றா, இல்லாத கிலோவா என்று
நான் சேந்தனைக் கேட்கவில்லை.
அவனும் சொல்லவில்லை.

சனிக்கிழமை அவர் வீட்டு வாசலில் ஹோர்ன் அடித்தோம்.
"முழுச் சுமையோட சோதிக்க வேணும்" என்றான் சேந்தன்,
நிலத்தைப் பார்த்துக்கொண்டு.
அண்ணை சவரம் செய்து, வெளுத்த சேர்ட் போட்டு வந்தார்.

தொண்ணூறு. தொண்ணூற்றொன்று.
முன்னே ஒரு லொறி.
அதன் பாதி நீளம் தாண்டியிருப்போம்,
படார்.
இரண்டு டொலர்க் கவ்வியிலிருந்து குழாய் கழன்று
முள் பூச்சியத்தில் படுத்தது.
லொறி ஆறுதலாக எங்களை மீண்டும் கடந்து
விளக்கை இரண்டு தரம் வெட்டியது.

ஓரம் கட்டினேன்.
அண்ணை நல்ல கையால் பெல்ற்றைக் கழற்றினார்.
"இப்பதான் எங்கட கார்."

சேந்தன் ஸ்குறூட்றைவரைத் தேடினான்,
டாஷ்போர்டில், கால்விரிப்பின் கீழ், என் மடியில்கூட.
இவ்வளவு நேரமும்
அண்ணை அதன்மேல்தான் இருந்திருக்கிறார்.