வெள்ளத்தில் ஒழிக்குக

மீனாட்சிபுரம் பால் சோதனைச் சாவடி.
உத்திராட இரவு, மணி இரண்டேகால்.
வெளியே பதினோரு டேங்கர்
விளக்கைத் தாழ்த்திக்கொண்டு நிற்கின்றன.
எல்லாம் கிழக்கிலிருந்து வந்தவை,
என்னைப் போல.

பெராக்சைடு பார்க்கும் மருந்து தீர்ந்துபோயிற்று.
புதிதாய்க் கலக்க வேண்டும்.
தொண்ணூற்று நான்கு பங்கு நீர்,
ஆறு பங்கு கந்தக அமிலம்,
கடைசியில் ஒரு கிராம் வனேடியப் பொடி.
சமையல் குறிப்பு மாதிரிதான்,
வரிசையை மாற்றாத வரை.

சுவரில் மலையாளத்தில் ஓர் அட்டை.
வேலைக்குச் சேர்ந்த வாரம்
எழுத்துக் கூட்டிப் படித்தேன்:
"ஆசிட் வெள்ளத்தில் ஒழிக்குக."
எங்கே வெள்ளம், எதற்கு ஒழிக்க வேண்டும்,
ஆழியாறு உடைத்துக்கொண்டு வந்தால்
பாட்டிலை அதில் விட்டெறியச் சொல்கிறார்களா
என்று பிரசீதாவைக் கேட்டேன்.
அவள் சிரித்து முடிப்பதற்குள்
இரண்டு மாதிரிகள் புளித்துவிட்டன.
வெள்ளம் என்றால் தண்ணீராம்.
ஒழிப்பது என்றால் ஊற்றுவதாம்.

அடுத்த வரி சிவப்பில் இருக்கிறது:
"வெள்ளம் ஆசிடில் ஒழிக்கருது."
அதை மட்டும் இன்றும்
தமிழாகவே வாசிக்கிறேன்.
அந்த ஊற்றல்
ஒழித்துவிடும்.

கண்ணாடி. கையுறை. ஏப்ரன் முடிச்சு.
பின்னலைச் சுருட்டிக் கொண்டையாக்கினேன்.
தொட்டியில் குளிர்நீர்,
அதற்குள் பீக்கர்,
அதற்குள் காய்ச்சி வடித்த நீர்.
நீர்தான் முதலில் வந்து உட்கார்ந்திருக்க வேண்டும்.
ஆள் இருக்கிற வீட்டுக்கே
இந்தக் கோபக்காரன் வரலாம்,
அதுவும் கொஞ்சங் கொஞ்சமாய்.

கண்ணாடிக் கோலில் சாய்த்து விடுகிறேன்.
எண்ணெய்போல இறங்குகிறது, கனமாய்.
நீருக்குள் ஒரு நெளிவு.
சித்திரை வெயிலில் பொள்ளாச்சி ரோட்டுக்கு மேலே
காற்று நெளியுமே, அது.
ஒரு மில்லி. கலக்கு. நில்.
இன்னொரு மில்லி.

சன்னலைத் தட்டுகிறார் வெள்ளியங்கிரி,
உடுமலைப்பேட்டை வண்டி.
"ஏனுங்க, காப்பி ஆத்துறாப்ல ஆத்திட்டிருக்கீங்க,
பாலு திரிஞ்சுபோச்சுன்னா யாருங்க பொறுப்பு?"
ஊர்ப்பேச்சைக் கேட்டால்
பதில் தானாய் வாய் வரைக்கும் வரும்.
நான்காவது மில்லியில் இருந்தேன்.
வரவில்லை.

ஆறும் முடிந்தது.
பீக்கரின் புறத்தைத் தொட்டால்
காய்ச்சல் விட்டும் விடாத நெற்றிச் சூடு.

அளவு உருளையின் அடியில்
விரல் அகலத்துக்கு மிச்ச அமிலம்,
தேவைக்கு மேல் நான் எடுத்துவிட்டது.
சினோஜ் நல்ல பையன்.
நேற்று காலையிலிருந்து நிற்கிறான்.
"ஞான் கழுகாம் சேச்சி" என்று
அதைத் தூக்கிக் குழாயடியில் பிடித்தான்.
மறுகை திருகுக்குப் போயிற்று.

வேண்டா!

எந்த மொழியில் கத்தினேன் என்று
அப்புறம்தான் யோசித்தேன்.
இரண்டிலும் அதே சொல்.

குழாய் ஒரு சொட்டு விட்டது.
அது தொட்டியில் விழுந்தது.
நடந்தது அவ்வளவே.
நடக்காதது பற்றிச் சொல்வதானால்:
நீர் லேசு, அமிலத்தின் மேலேயே நிற்கும்,
நின்ற இடத்தில் கொதிக்கும்,
கொதித்ததும் எட்டிக் குதிக்கும்,
எட்டுகிற தூரத்தில் ஒரு முகம் இருக்கும்.
சினோஜின் கண்ணாடி
அவன் நெற்றிமேல் இருந்தது.

உருளையை வாங்கி
ஒரு வாளித் தண்ணீருக்குள்
மெல்ல, மிக மெல்லச் சாய்த்தேன்.
என் கை நடுங்கவில்லை.
முழங்கால் மட்டும் நடுங்கிற்று,
அது ஏப்ரனுக்குள்ளே.

பொடி கரைந்து மருந்து மஞ்சளாயிற்று.
பத்து மில்லி பால், இருபது சொட்டு.
சிவந்தால் வண்டி திரும்பிப் போக வேண்டும்.
சிவக்கவில்லை.
நம்பாமல் இன்னொரு முறை பார்த்தேன்.
வெள்ளியங்கிரி சீட்டை மடித்துப் பையில் வைத்து,
"ஓணம் நல்லாக் கொண்டாடுங்க" என்றார்,
என்னை மலையாளத்துப் பெண் என்று நினைத்து.
மறுக்கவில்லை.

கணவாய்க் காற்று சாவடிக் கதவை அடித்துக்கொண்டிருந்தது.
வெளியே புளியமரத்தடியில் சினோஜ் டீ குடித்தான்,
கண்ணாடியைக் கண்ணுக்கு இறக்கி மாட்டிக்கொண்டு.
ஆவி படிந்து
அவனுக்கு எதுவும் தெரிந்திருக்காது.
கழற்றச் சொல்லலாம் என்று வாயெடுத்தேன்,
எட்டாவது வண்டி ஹாரன் அடித்தது.