குச்சி ஆள்

வண்ணார்பேட்டையில் செல்போன் கடைக்கு மேலே
மாலை ஆறு முதல் எட்டு வரை
எங்களுக்கு மென்பொருள் வடிவமைப்பு.
கோடிங் தொட இன்னும் மூன்று வாரம்.
அதுவரை படம்தான்:
பெட்டி, கோடு, அம்பு,
பெட்டிக்கு வெளியே நிற்கும் குச்சி ஆள்.

உச்சிமாகாளி ஆஸ்பத்திரி எடுத்தான்.
ஜெசிந்தா நூலகம்.
(வருஷம் தவறாமல் யாராவது நூலகம்.)
நான் பகலில் கணக்கெழுதும் இடத்தையே எடுத்தேன்:
மேலப்பாளையம், பீடி ஏஜென்ட் கடை.

இலை ஒரு வகுப்பு, தூள் ஒரு வகுப்பு.
கட்டைப் பிரித்தாலும் பீடி பீடிதான்,
ஆகவே கோட்டின் முனையில் வெள்ளை வைரம்.
பாஸ்புக் தொலைந்தால் அதிலுள்ள பதிவெல்லாம் போச்சு,
ஆகவே கறுப்பு வைரம்.
கறுப்பை நிரப்பும்போது
போன மழையில் பாஸ்புக் நனைந்து வந்தவர்கள்
வரிசையாக ஞாபகத்தில் நின்றார்கள்.

உள்ளே இருப்பதை வெளியே காட்டாதிருப்பது
நல்ல வடிவமைப்பு என்கிறது பாடம்.
எங்கள் கடை அதில் எப்போதோ தேறிவிட்டது.

வியாழக்கிழமை
கார்டு எண் இருநூற்றுப் பன்னிரண்டு,
செய்யதலி பாத்திமா, கவுண்டரில்:
‘இலை பூரா ஓட்டை. ஆயிரத்துக்குக் குடுத்ததுல
எண்ணூறு தேறல. மிச்சத்துக்கு
எங்கையில இருந்து காசு போட்டு வாங்கிச் சுத்துனேன்.
அத எங்க எழுதுவ?’
பேரேட்டில் அதற்குக் கட்டமில்லை.
பார்ப்போம் என்றேன். எப்போதும் அதுதான்.

இரவு வரிசைப்படத்தில்
குச்சி ஆளிடமிருந்து ஓர் அம்பு இழுத்தேன்.
அது திரை ஓரம் வரை போயிற்று.
உச்சிமாகாளி எட்டிப் பார்த்தான்:
‘மெசேஜ் போனா வாங்க ஒரு பெட்டி வேணும்லா?
யாரு வாங்குதா?’

மூன்று நாள் பெட்டி தேடினேன்.
பிறகு நானே ஒன்று போட்டேன். இலைக்குறை:
தேதி, கிராம், யார் காசு.

அச்செடுத்த தாளை முதலாளி
சாயா ஆறும் வரை பார்த்தார்.
இருபத்திரண்டு பெட்டியில்
அந்த ஒன்றின்மேல் விரல் வைத்து
இது எதுக்கு என்றார்.
அழித்துப் பார்த்தேன்.
மூன்று அம்புகள் முனையில்லாமல் தொங்கின.
திரும்ப வரவழைத்தேன். சேமிக்கவில்லை.

பாத்திமாவும் தாளைப் பார்த்தாள்.
‘இதுவா நானு?’ சிரித்தாள்.
‘கையி இருக்கு, விரலக் காணோமே.
பீடிய எத வச்சுச் சுத்த?’
மென்பொருளில் விரலுக்கு வழியில்லை.
தேடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன்.

இன்று அவளுக்கு இலை நிறுத்தேன்.
முள் சரியாக நின்றது.
நாலு வருஷமாக நிறுக்கிறேன்;
முதல் தடவையாக
ஓர் இலையை உருவி வெளிச்சத்தில் பிடித்தேன்.
ஐந்து ஓட்டை.
பெரியதன் வழியே
எதிர்க்கடைப் பலகையில் பாதி,
ஒரு சைக்கிள் மணி,
தன் முறைக்காக நிற்கும் இருநூற்றுப் பதின்மூன்று.