களா

ஊசிக்கு உத்தரவு வாங்கி வந்திருந்தார்.
நிந்தவூரில் மௌலவியிடம்
மகள் ரினோஸா இரண்டு தரம் கேட்டிருந்தாள்.
நரம்புக்குள்ள போற மருந்து, சாப்பாடில்ல,
நோன்பு முறியாதாம்.
தண்ணீரைப் பற்றி
ஒருவரும் கேட்டிருக்கவில்லை.

ஒன்பதரைக்கு மருந்து ஏற்றினேன்.
அது எலும்பைத் தேடிப் போகும்.
எலும்பு வேண்டாமென்றதைச் சிறுநீர் வெளியே கொண்டுபோகும்.
அதற்குத்தான் ஆறு கிளாஸ், பன்னிரண்டரைக்குள்.
இல்லாவிட்டால் சதையெல்லாம் புகார் மூடிக்
கிடக்கும் உம்மா, எலும்பு தெரியாது என்றேன்.

"மஃரிபுக்குப் பொறகு குடிச்சா?"

மஃரிபு ஆறு இருபதுக்கு.
மருந்தோ ஆறு மணித்தியாலத்தில் பாதி,
இன்னும் ஆறில் அதிலும் பாதி.
பாங்கு சொல்லும்வரை அதை நிறுத்திவைக்க
மட்டக்களப்பில் ஆளில்லை.

வருத்தக்காரருக்குச் சலுகை உண்டென்று தெரியும்.
சொல்லவில்லை.
கந்தசஷ்டி ஆறு நாளும்
களவாகத் தேத்தண்ணீர் குடிக்கிற நானா
சுலைஹா உம்மாவுக்கு மார்க்கம் சொல்வது?

வெளியே கதிரைகளில் எட்டுப் பேர்,
ஐந்து பேருக்கு நோன்பு.
அவர் பைக்குள் கைவிட்டுப் போத்தலை எடுத்தார்.
பஸ் பிந்தினால் நோன்பு திறக்கவென்று
வீட்டிலிருந்து கொண்டுவந்த தண்ணீர்.
கூட மூன்று பேரீச்சம்பழம். அதைத் தொடவில்லை.
"புள்ள, திரையை இழு."

சுவரைப் பார்க்கக் கிறுகியிருந்து
முதல் மிடறை
நெடுநேரம் வாயில் வைத்திருந்தார்.
விழுங்கும் சத்தம் கதிரைகளுக்குக் கேட்டுவிடுமோ என்று
நான் கை கழுவும் குழாயைத் திறந்துவிட்டேன்.
கைகள் சுத்தமாகத்தான் இருந்தன.

ஒரு மணிக்குப் படம் விழுந்தது. நல்ல தெளிவு.
எங்கள் திரையில் வெளிச்சமென்பது கறுப்பு.
இடுப்பின் நடுவே, இரண்டு தரம் போய்வந்தும்
மிஞ்சிய கொஞ்சம்,
மெலிந்த கறுப்புப் பிறை.
அப்படி எழுத முடியாது.
"சிறுநீர்ப்பையில் சிறிது மீதி" என்று எழுதினேன்.

விலாவில் மூன்று புள்ளிகள்.
அதை வைத்தியர் எழுதுவார்.

முக்காட்டைச் சரிசெய்தபடி கேட்டார்,
"அப்ப எனக்கு எத்தின நோன்பு களா?"

"ஒண்டுதானே உம்மா."

"ஒண்டுதான்" என்றார் மகளிடம்.
"பெருநாள் முடிய, ஆறு நோன்போட சேத்து
அதையும் புடிச்சிருவன்."

போத்தலில் இரண்டு மிடறு மிச்சமிருந்தது.
மூடியை இறுக்கிப் பழத்தோடு வைத்தார்.
இன்றைக்கு முழுக்க நிறையக் குடிக்க வேண்டும்,
அது எங்கள் விதி. சொன்னேன்.

"ஓம் புள்ள. மஃரிபுக்கு."