முப்பத்திரண்டு

ஜுபைலில் இரவு இரண்டு மணி.
லாரி வந்து நின்றதும்
கான்கிரீட்டில் வெப்பமானியைக் குத்துவது என் வேலை.
முப்பத்திரண்டு டிகிரி தாண்டினால்
திருப்பி அனுப்ப வேண்டும்.

அதற்காகத்தான்
தண்ணீருக்குப் பதில் ஐஸ் சீவல் போட்டுக் கலக்குகிறார்கள்,
டிரம்மைச் சுற்றி ஈரச் சாக்கு கட்டுகிறார்கள்,
பகல் வேலையை ராத்திரிக்குத் தள்ளுகிறார்கள்.
சிமெண்டுக்குச் சூடு ஆகாது.
வெடித்துவிடும்.

வைப்ரேட்டர் பிடிக்கிற அருளானந்து
இன்றைக்குக் கேட்டான்:
"எனக்கும் ஒரு குத்து குத்திப் பாருங்க சார்."
கம்பியைத் துடைத்து
சிரித்துக்கொண்டே அவன் அக்குளில் வைத்தேன்.
முப்பத்தெட்டரை.

படிவத்தில் அவனுக்குக் கட்டம் இல்லை.
நின்ற லாரிக்கு 'மறுபரிசோதனை' என்று எழுதி
பத்து நிமிடம் வாங்கினேன்.
சாம்பிள் பெட்டியில் கிடந்த ஐஸ் துண்டை
ஹெல்மெட்டுக்குள் போட்டுத்
தலையில் கவிழ்த்துக்கொண்டு
மணல்மூட்டை மேல் உட்கார்ந்தான்.
காதோரம் ஒழுகியதை
நாக்கை நீட்டிப் பிடித்தான்.
கடல் பக்கமிருந்து காற்று வந்தது,
அதுவும் வெந்நீர் போல.

லாரி மறுபடியும் முப்பத்தொன்று.
எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.
அவன் எழுந்து கையுறை மாட்டினான்.
இன்னொரு முறை பார்க்கச் சொல்லி
அவன் கேட்கவில்லை.
நானும்
வெப்பமானியைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டேன்.