ஆரல்வாய்மொழி சவுக்கை, கொல்லம் 1112

நாற்பத்தொன்று என்று எழுதி
மை காயுமுன்
காற்று பேரேட்டைப் புரட்டிவிட்டது.
ஆடி மாதம் இந்தக் கணவாயில்
காகிதம் என்பது
உள்ளங்கை அழுத்தியிருக்கும் வரைதான்.

மறுபடி எண்ணினேன்.
எட்டயபுரத்துச் சந்தையிலிருந்து ஆறு ராத்திரி நடந்தவை,
குளம்பிடுக்கில் இன்னும் கரிசல்.
முன்னால் பூலுடையான் பத்திக்கொண்டு வர
பின்னால் அவன் பெண்டாட்டி இசக்கியம்மை.
அவள் கையில் கம்பு கிடையாது.
நாக்கை அண்ணத்தில் தட்டி ஒரு சொடுக்கு,
அதற்கே மொத்த மந்தையும் காதைத் திருப்பும்.

தலைக்கு நாலு சக்கரம். கன்றுக்கு இரண்டு.
எருமைக்கு வேறு பக்கம்.

முப்பத்தேழாவது, ஒரு தலையீற்று மயிலை,
மூங்கில் தடுப்புக்கு நேர் கீழே நின்றது.
முன்னங்கால் திருவிதாங்கூர்,
பின்னங்கால் வெள்ளைக்காரன் சீமை.
நின்றபடியே ஈனத் தொடங்கியது.

“எழுதாதிய ஐயா, நாப்பத்தொண்ணுதான் வந்துது.”
“நாப்பத்திரெண்டுல்லா போகப்போகுது?”

இன்ஸ்பெக்டர் சிதம்பரதாணு பிள்ளை சட்டம் அறிந்தவர்.
அந்தப் பக்கம் விழுந்தால் தீர்வை,
இந்தப் பக்கம் விழுந்தால் உள்நாட்டுப் பிறப்பு.
எல்லாரும் குனிந்து வாலுக்கடியில் பார்த்தோம்.
பன்னிரண்டு வருஷ உத்தியோகத்தில்
ராஜ்யத்தின் எல்லையை
அவ்வளவு பக்கத்தில் நான் பார்த்ததில்லை.

இரண்டு சின்னக் குளம்புகள்,
மஞ்சளாய், மெழுகு போல, வெளியே வந்தன.
அந்தப் பக்கம்தான்.
பிள்ளை தொண்டையைச் செருமினார்.

சொடுக்கு.

வலியின் நடுவிலும் மயிலை
மூன்று எட்டு முன்னால் வைத்தது.
சொத்தென்று விழுந்தது கன்று,
மகாராஜாவின் மண்ணில்.

பிள்ளை கொஞ்ச நேரம் தன் செருப்பைப் பார்த்தார்.
“உள்நாடு” என்று சொல்லிவிட்டு
வெற்றிலை போட உள்ளே போனார்.

செவ்வாய்க்கிழமைக்குள் மார்த்தாண்டம் போய்ச் சேர வேண்டும்.
அங்கே துண்டுக்கடியில் ஞானதாசின் விரல்கள் காத்திருக்கும்.
கன்றும் பசுவுமென்றால்
இன்னொரு விரல் கூடப் பிடிக்கலாம்.
அது எழுந்து நிற்கும்வரைகூட அவர்களுக்குப் பொழுதில்லை.
இசக்கியம்மை அதைத் தோளில் போட்டுக்கொண்டாள்.
தாய் அவள் முழங்கையை நக்கியபடியே
தோவாளைப் பக்கம் இறங்கியது.

போகுமுன் பேரேட்டில் கைநாட்டு வைத்தது அவள்தான்.
மையைத் தொடவில்லை.
ஈரக் கையை அப்படியே வைத்தாள்.

தை மாதத் தணிக்கையில் கேட்டார்கள்,
இதென்ன கறை, மழையா?
ஆமாம் என்றேன்.

அந்த வருஷம் கிழக்கே மழை இல்லை.
அதனால்தான் அத்தனை மாடு.